உப்பில்லாக் கொட்டகை

கடல் இப்போது இருப்பதைவிட அரைக் காதம் தள்ளி இருந்த காலத்துக் கதை இது. உட்கார்ந்து கேளுங்கள். உட்கார முடியாதவர்கள் நின்றுகொண்டே கேளுங்கள். இதில் வருகிற சமையற்காரனாலும் உட்கார முடியவில்லை.

வெண்கரை என்றொரு நாடு. கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். நாட்டின் எல்லையில் ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு வாசல், வாசலருகே ஒரு கல். நாட்டை நிறுவிய முதல் அரசர் அந்தக் கல்லில் மூன்று வரி வெட்டி வைத்திருந்தார். வெண்கரையின் உப்பைத் தின்றவர் வெண்கரையின் மனிதர். அவரை எவருக்கும் பிடித்துக் கொடுக்கலாகாது. வெண்கரை மனிதர் எவரும், அடைக்கலம் தேடி வந்த எவருக்கும், உப்பிடலாம்.

அதனால் வாசலில் எப்போதும் ஒரு பானை உப்பு இருக்கும். உயிருக்கு அஞ்சி ஓடி வருகிறவர் கையை நீட்டுவார். காவலன் ஒரு சிட்டிகை வைப்பான். அதை நாக்கில் போட்டுக்கொண்டால் போதும், பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

பல தலைமுறை இப்படி ஓடியது. கடலரையர் என்பவர் அரசராக இருந்தபோது ஆற்றுக்கு அப்பால், செங்குன்ற நாட்டில், ஒரு முரடன் பட்டத்துக்கு வந்தான். அவனிடம் ஆயிரம் யானை. அவன் துரத்திய சனம் கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடந்தது. கடலரையர் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டார். வந்தவர்களைச் சேர்த்தால் யானை வரும். சேர்க்காவிட்டால் முன்னோர் வெட்டிய கல் முறைக்கும்.

அமைச்சர் நுண்மதியார் மூன்று நாள் யோசித்தார். பிறகு, "கல்லைத் தொட வேண்டாம் அரசே, பானையை மட்டும் எடுத்துவிடலாம்," என்றார்.

பானை போயிற்று. அந்த இடத்தில் நீளமாக ஒரு கொட்டகை வந்தது. ஓடி வந்தவர்கள் விசாரணை முடியும்வரை அங்கே தங்கலாம். பாய் உண்டு, தண்ணீர் உண்டு, மூன்று வேளை கஞ்சி உண்டு. உப்பு மட்டும் கிடையாது. விசாரணையா? பெயர் எழுதிய ஓலை உள்ளே போகும். வெளியே வந்ததை யாரும் பார்த்ததில்லை. வெளிநாட்டுப் பெரியவர்கள் வந்தால் நுண்மதியார் கொட்டகையைத் தாமே சுற்றிக் காட்டுவார். அவர்களும் பாயைத் தொட்டுப் பார்த்து, ஆகா, என்ன இரக்கம் என்று சொல்லிப் போவார்கள். அந்த அமைச்சரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போகட்டும், கதைக்கு வருவோம்.

உப்பில்லாக் கஞ்சியை எத்தனை நாள்தான் குடிப்பது? கொட்டகையில் முணுமுணுப்பு எழுந்தது. அதற்கும் நுண்மதியாரிடம் வழி இருந்தது. அரண்மனைச் சமையற்காரன் சேந்தனை அங்கே அனுப்பினார். சேந்தன் கை பட்டால் தவிடும் ருசிக்கும் என்பது ஊர்ப் பேச்சு. உப்பு இல்லாத குறை நாக்குக்குத் தெரியக் கூடாது, அதுதான் அவனுக்கு இட்ட வேலை.

சேந்தனுக்கு முதலில் பெருமைதான். எவனாலும் முடியாததைச் செய்து காட்டுகிறேன் என்று முண்டாசை இறுக்கிக் கட்டினான். புளியைக் கரைத்தான், இஞ்சியைத் தட்டினான், மிளகைப் பொடித்தான். ஆனால் கஞ்சி கொதிக்கும்போதெல்லாம் அவன் வலக்கை தானாக அடுப்போரத்துக்குப் போகும். அங்கே உப்புச் சட்டி இராது. கை வெறுமனே திரும்பும். ஒரு நாளைக்கு மூன்று முறை போகும், மூன்று முறை திரும்பும். அது அவனுக்கு என்னவோ போல இருக்கும். ஆனாலும் சனம் குடித்தது, முணுமுணுப்பு அடங்கிற்று, நுண்மதியார் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கொட்டகையில் அப்போது நாற்பத்தேழு பேர். எல்லாரும் செங்குன்றத்தில் ஒரே ஊர்க்காரர்கள். ஊர் ஏரியைத் தூர்த்து யானைகளுக்குக் கொட்டில் கட்ட அரசனின் ஆட்கள் வந்தபோது, கரையில் படுத்து மறித்தவர்கள். மறித்தவர்களில் முதல் ஆளை அரசன் கழுவில் ஏற்றினான். அந்த ஆளின் மனைவி பூவந்தி கைக்குழந்தையோடு தப்பி வந்திருந்தாள்.

ஒருநாள் காலையில் அவள் கஞ்சி குடித்த சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். சேந்தன் வழக்கம்போல் ருசி எப்படி என்று கேட்டான்.

"ருசிக்கு ஒரு குறையும் இல்லண்ணே," என்றாள் பூவந்தி. "குடிக்கையில ஒண்ணும் தெரியல. எந்திரிச்சு நின்னாத்தான் கால் நிக்க மாட்டேங்குது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சேந்தன் அப்போதுதான் கொட்டகையை ஒழுங்காகப் பார்த்தான். வயதானவர்கள் தூணைப் பிடித்து நடந்தார்கள். வாலிபர்கள் பட்டப்பகலில் சுருண்டு கிடந்தார்கள். ஒருவன் தசை பிடித்து இழுத்த கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினான். பூவந்தியின் குழந்தை பால் வற்றிய மாரைச் சப்பிச் சப்பி அழுதது. தன் கைப்பக்குவம் இத்தனை நாளும் இதைத்தான் மூடி வைத்திருக்கிறது என்று சேந்தனுக்கு உறைத்தது.

அன்றைக்கே செங்குன்றத்திலிருந்து தூதன் வந்தான். நாற்பத்தேழு பேரும் வேண்டும், இல்லையென்றால் யானை வரும் என்றான். நான்காம் நாள் காலை வந்து பிடித்துப் போகலாம் என்று நுண்மதியார் ஓலை கொடுத்தார். உப்புத் தின்னாதவர்கள்தானே, கல்லில் தடை ஏது? பிடித்துப் போனால் என்ன நடக்கும் என்று கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். ஆற்றுக்கு அப்பால் கழுமரம் சீவ ஆரம்பித்துவிட்டார்கள்.

அதிலிருந்து சேந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான், நடந்தால் ஓடினான்.

முதல் நாள் உப்புப் பண்டகசாலைக்கு ஓடினான். ஒரே ஒரு படி உப்பு கேட்டான். அதிகாரி நல்ல மனிதர். அவனுக்கு மோர் கொடுத்தார், கொட்டகைச் சனத்துக்காக உச்சுக்கொட்டினார், அமைச்சரின் ஓலை இல்லாமல் ஒரு கல் உப்பும் வெளியே போகாது என்றார்.

இரண்டாம் நாள் அமைச்சர் மாளிகைக்கு ஓடினான். நுண்மதியார் கோபிக்கவே இல்லை. யாரையாவது அடித்தோமா, பட்டினி போட்டோமா, கல்லில் ஓர் எழுத்தை அழித்தோமா என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றுதான் சேந்தன் சொல்ல வேண்டியிருந்தது. பதில் சரியாகத்தான் இருந்தது, மனசுதான் ஆறவில்லை.

மூன்றாம் நாள் அரண்மனைக்கு ஓடினான். அரசர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ போனதிலிருந்து சாப்பாடே சரியில்லை, குழம்பில் உப்புக் கரிக்கிறது என்று அவனிடமே குறைப்பட்டார். வேறு எது வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று சொல்லிக் கை கழுவ எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவன் சோற்றைத் தொடவில்லை. வாசலுக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். அவன் மனைவி தத்தை கருவாடு காயப்போட்டு விற்கிறவள். முற்றத்து வெயிலில் மீனைப் புரட்டிக்கொண்டே, அப்படி என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்டாள். அவன் எல்லாவற்றையும் கொட்டினான். தானே ஒரு பிடி எடுத்துப் போகலாமென்றால், காவலர்கள் தினமும் மடியை அவிழ்த்து உப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்றும் சொன்னான்.

தத்தை புரட்டுவதை நிறுத்தினாள். "உப்புத்தானே கொண்டுபோகக் கூடாது? மீனு கொண்டுபோகக் கூடாதுன்னு ஓலையில இருக்கா?"

ஓலையில் அப்படி இல்லை. நுண்மதியார் யோசித்தது மூன்று நாள். தத்தை யோசித்தது ஒரு மீனைப் புரட்டுகிற நேரம்.

நான்காம் நாள் காலை இருவரும் ஆளுக்கொரு கூடை கருவாட்டோடு கொட்டகைக்குப் போனார்கள். காவலர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடியை அவிழ்த்துப் பார்த்தார்கள். உப்பு இல்லை. ஓலையில் எழுதியதைத்தானே அவர்கள் தேடுவார்கள், விட்டுவிட்டார்கள்.

சேந்தன் கருவாட்டைக் கழுவாமலே கஞ்சியில் போட்டுக் கொதிக்கவிட்டான். ஒளித்துக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. இதில் இருப்பது வெண்கரை உப்பு, தெரிந்தே தின்னுங்கள் என்று ஒவ்வொருவர் சட்டியிலும் ஊற்றும்போது சொன்னான். முதல் வாய் குடித்த ஒரு கிழவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். வாசனை உப்பளம்வரை போயிற்று. அளத்து ஆட்களும் வலைக்காரர்களும் என்ன சேதி என்று கூடிவிட்டார்கள்.

வெயில் ஏறியதும் அரசர் வந்தார், அமைச்சர் வந்தார், கயிற்றோடு தூதன் வந்தான். அக்கரையில் செங்குன்றத்து வீரர்கள் காத்து நின்றார்கள். வழக்கப்படி மூன்று பேரிடம் கேட்க வேண்டும்: இவர்கள் வெண்கரை உப்பைத் தின்றார்களா? காவலர் தலைவன் இல்லை என்றான். பண்டகசாலை அதிகாரி இல்லை என்றார். மூன்றாவதாகச் சமையற்காரனைக் கேட்டார்கள்.

"தின்னாங்க ஐயா," என்றான் சேந்தன். "நான்தான் போட்டேன்."

அது மீன்தானே, உப்பு எங்கே என்று நுண்மதியார் சிரித்தார்.

"உப்பில்லாம கருவாடு உண்டான்னு இந்தக் கரையில பிறந்த யாரை வேணும்னாலும் கேளுங்க ஐயா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நுண்மதியாரும் அந்தக் கரையில் பிறந்தவர்தான். அரசர் கல்லைப் பார்த்தார். பிறகு தூதனிடம், இவர்கள் என் நாட்டு மனிதர்கள், தர முடியாது என்றார். பயந்துகொண்டேதான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார். அந்த யானைகள் வரவே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குரைக்கிற நாய் கடிக்காது.

ஆனால் நுண்மதியார் லேசில் விடுகிறவர் இல்லை. ஆணையை ஏய்த்தவர்கள் இதுவரை தின்ற உப்பு இனிச் செல்லாது, அவர்கள் வெண்கரை மனிதர்கள் இல்லை, சேந்தனையும் தத்தையையும் ஆற்றுக்கு அப்பால் விட வேண்டும் என்றார். ஒன்றை விட்டுக்கொடுத்த அரசர் இன்னொன்றை அமைச்சருக்கு விட்டுக்கொடுத்தார். காவலர்கள் இருவரையும் வாசலுக்கு வெளியே தள்ளினார்கள். இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அக்கரையில் வெறுங்கயிற்றோடு நின்ற வீரர்கள், வந்தவரை லாபம் என்று ஆற்றில் இறங்கினார்கள்.

தத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளாக ஓடிய சேந்தனின் கால் இப்போது நகரவில்லை. கரையில் இருந்த அத்தனை பேர் வீட்டிலும் மூட்டை மூட்டையாக உப்பு. ஆனாலும் அமைச்சரின் முகத்தைப் பார்த்து ஒருவரும் அசையவில்லை.

பூவந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்தாள். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"நான் இப்ப வெண்கரை மனுசிதானே?" என்று கேட்டாள். "கல்லுல மூணாவது வரி என்ன எழுதியிருக்கு, வாசிங்க."

காவலன் கல்லைப் பார்த்தான், அரசரைப் பார்த்தான். அரசர் தலையாட்டினார். ஈட்டி விலகியது.

அவள் தண்ணீரில் இறங்கினாள். அடுத்த வேளைக்கு என்ன கிடைக்குமோ என்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாதித் துண்டுக் கருவாட்டை அவிழ்த்து, இரண்டாகப் பிய்த்து, இருவர் கையிலும் வைத்தாள்.

"எங்க ஊரு உப்பு அண்ணே," என்றாள். "தின்னுங்க."

இருவரும் தின்றார்கள். வீரர்கள் நடு ஆற்றில் நின்றுவிட்டார்கள். அன்று சூரியன் சாயும் முன்னே உப்புப் பானை வாசலுக்கு வந்துவிட்டது, அரசரே தூக்கி வந்தார்.

நீதி இதுதான்: அடைக்கலம் என்று வந்தவருக்கு உரியதைத் தந்திரத்தால் மறுப்பதும், அவரைக் கொல்ல வருகிறவன் கையில் பிடித்துக் கொடுப்பதும் ஒன்றே.