ஆலாவின் பதினொரு தரைதட்டல்கள்

பாய்மரங்கள் கடலை ஆண்ட நாளில், கீழைக் கடற்கரை ராஜ்யம் ஒன்றின் படையில் ‘ஆலா’ என்றொரு சின்னப் போர்க்கப்பல் இருந்தது. இரண்டு பாய்மரம், எட்டுப் பீரங்கி. கயிறு இழுக்கும் கூலியாகச் சேர்ந்து அதற்கே தலைவனானவன் வைரவன்.

ஆற்று முகத்துவாரத்தில் குடிசை போட்டிருந்த சாமி அவனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஊரில் அவன் கோபத்துக்குப் பயப்படாத ஒரே ஆள் அவர்தான். அதனால் அவரையே குருவாக வைத்துக்கொண்டான்.

அன்று வரும்போதே கத்திக்கொண்டு வந்தான்.

“சாமி, ஆலாவை உடைச்சு விறகாக்கப் போறாங்களாம்!”

“ஏன்?”

“பதினொரு தடவை தரை தட்டிடுச்சாம். நாளைக்கு விசாரணை. விசாரிக்கிற மூணு பேரும் பெரிய கப்பல் தலைவனுங்க. அவனுங்க கப்பல் ஒரு தடவைகூடத் தரை தட்டினதில்லைன்னு மீசையை முறுக்குறானுங்க!”

“நீ எங்கே போய்த் தட்டினே?”

“நானா போனேன்? மத்த நாள்ல கடுதாசி தூக்கு, குடிதண்ணி சும, திவானோட மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போ. சண்டைன்னு வந்தா, ‘ஆலா, முன்னால போய் ஆழம் பாரு!’ நான் மணல்ல சிக்கிக்கிட்டுக் கொடி காட்டுவேன். பின்னால வர்றவன் ஒதுங்கிப் போய்க் கோட்டையைப் பிடிப்பான். அவனுக்குப் பட்டுச் சால்வை, எனக்கு விசாரணை! நாளைக்கு அங்கே நின்னு நான் என்னத்தைச் சொல்ல?”

சாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“அக்கரைக்குப் போகணும். வா.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“வா.”

தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் சாமி நின்றார்.

“நீ முன்னால போ.”

வைரவன் முணுமுணுத்தபடி நடந்தான். நட்டாற்றில் காலடி மணல் நழுவியது. தலை முங்கி, வாய் நிறைய உப்புத்தண்ணீரோடு எழுந்து பார்த்தால், சாமி நாலடி ஒதுங்கி, மடித்த வேட்டி நனையாமல் நிதானமாக அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

“பள்ளம் இருக்குன்னு தெரிஞ்சேதானே என்னை முன்னால விட்டீங்க?”

“தெரியாது. அதான் உன்னை விட்டேன்.”

வைரவன் சொட்டச் சொட்டக் கரையேறினான்.

“நல்ல நியாயம் சாமி! திரும்பும்போது நீங்க முன்னால போங்க. அப்பத் தெரியும்!”

சாமி பயந்துபோய்ப் பின்வாங்கினார்.

“நானா? எனக்கு இந்த ஆத்தைப் பத்தி என்ன தெரியும், வைரவா? நான்தான் இதுல விழுந்ததே இல்லையே.”