மெழுகு அடைத்த வட்டில்

வெண்கோட்டை அரசர் மங்கலராயர் இரண்டு விஷயங்களில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒன்று, தாம் போட்ட சட்டம். இன்னொன்று, மதியச் சாப்பாடு.

அரண்மனைக்குப் பின்னால் அவர் ஒரு பெரிய குளம் வெட்டிக்கொண்டிருந்தார். சூரிய உதயத்திலிருந்து இருபத்தைந்து நாழிகைதான் வேலை, அதற்குமேல் யாரும் ஒரு கூடை மண்கூடச் சுமக்க வேண்டாம் என்பது சட்டம். வெயில் இருக்கும்போதே வீடு போய்விடலாம். நாழிகையை அளக்க, அடியில் ஊசித்துளை உள்ள செம்பு வட்டிலைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். துளை வழியே நீர் ஏறி அது மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே சேகண்டியைத் தட்டுவார்கள்.

குளத்து வட்டிலுக்குப் பொறுப்பு மேற்பார்வையாளர் உலகளந்தார். பெயருக்குத்தான் உலகம். மனிதர் அளந்ததெல்லாம் அடுத்தவர் உழைப்பை.

ஒருநாள் மண் சுமக்கும் சடைச்சி சபைக்கு வந்து நின்றாள். இடுப்பில் மண் அப்பிய சேலை.

"மகாராசா, மூணு மாசமா இருபத்தஞ்சு நாழிகை முடியுறப்ப பொழுதே அடைஞ்சிருது. வீட்டுல ஆறு மாசப் பிள்ளை. நான் போய்ச் சேருறதுக்குள்ள பாலுக்கு அழுதழுது தூங்கிப்போகுது."

உலகளந்தார் முன்னால் வந்தார். "அரசே, இருபத்தைந்துக்கு மேல் ஒரு நாழிகை வேலை வாங்கியிருந்தால் என் தலையை எடுங்கள். சோம்பேறிகளுக்கு நாழிகை நீளமாகத்தான் தெரியும்."

அரசர் தலையாட்டினார். "சூரியன் மேகத்தில் ஒளிந்துகொள்ளும். வட்டில் பொய் சொல்லாது. இனி அதைக் குறை சொல்பவருக்கு இங்கே வேலை இல்லை."

சடைச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது அரசவை ஆலோசகர் குழைக்காதர் எழுந்தார்.

"பொய்யே சொல்லாத வட்டில் குளத்தங்கரையில் கிடக்கலாமா, அரசே? நாளை முதல் அரண்மனைக்கும் அதுவே நாழிகை சொல்லட்டும்."

அரசருக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்படியே ஆகட்டும்!"

உலகளந்தாரின் முகம் வெளுத்தது. "அழுக்கு வட்டில், அரசே! கழுவிக் கொடுத்துவிடுகிறேன்."

"நாளெல்லாம் தண்ணீரில் கிடப்பதற்கு என்ன கழுவல்?" என்ற குழைக்காதர், அப்போதே ஆள் அனுப்பி வட்டிலை எடுத்துவரச் செய்தார்.

மறுநாள். அரசர் சாப்பிடுவது பதினைந்தாம் நாழிகையில், சரியாக உச்சிப்பொழுதில். சூரியன் உச்சிக்கு வந்தது. மோர்க்குழம்பு மணத்தது. வாழைக்காய் வறுவல் மணத்தது. இலை மட்டும் வரவில்லை.

"எங்கே சாப்பாடு?"

"பன்னிரண்டு நாழிகைதான் ஆகியிருக்கிறது, மகாராஜா" என்றார் சமையற்காரர்.

"சூரியன் தலைக்கு மேலே நிற்கிறதே!"

சமையற்காரர் கரண்டியோடு ஓரடி பின்வாங்கினார். "சூரியனை நம்ப முடியாது என்று தாங்கள்தான் நேற்று..."

அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நிழல் சாயத் தொடங்கியது. பதினைந்தாம் சேகண்டி ஒலிக்கவில்லை. வயிறு கூப்பாடு போட்டது. கடைசியில் அவரே எழுந்து ஓடி, தொட்டியிலிருந்து வட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளையின் ஓரத்தை மெழுகு அடைத்திருந்தது!

"உலகளந்தாரே!" வாசலில் நின்ற உலகளந்தார் ஓடி வந்து காலில் விழுந்தார்.

"குளம் சித்திரைக்குள் முடிந்தால் பல்லக்கு தருவதாகச் சொன்னீர்கள், அரசே... கொஞ்சம் மெழுகுதான்..."

பின்னாலேயே வந்த குழைக்காதர் மெதுவாகச் சொன்னார்: "உங்கள் வயிறு ஒரே மதியத்தில் கண்டுபிடித்ததை, சடைச்சியின் பிள்ளை மூன்று மாதமாக அழுது சொல்லிக்கொண்டிருந்தது, அரசே."

அரசர் வெட்கத்தில் தலைகுனிந்தார். கூடுதலாக உழைத்த நேரத்துக்கு ஈடாக அடுத்த மூன்று மாதம் அனைவருக்கும் முழுக்கூலியோடு வேலை குறைக்கப்பட்டது. அந்தக் குறையை ஈடுகட்ட உலகளந்தாரும் தலையில் கூடையோடு மண் சுமந்தார். அன்றே சடைச்சி வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு ஓடினாள்.

இரண்டு முறை சாப்பிட்டு முடித்த அரசருக்கு மனம் குளிர்ந்தது. "குழைக்காதரே, என்ன வேண்டும்? கேளும்."

"வேலையாட்களுக்கு மதியம் இரண்டு நாழிகை ஓய்வு வேண்டும்."

"கொடுத்தேன். உமக்கு?"

"அந்த மெழுகு வட்டிலைக் கொடுங்கள், போதும்."

"அந்தத் திருட்டு வட்டில் எதற்கய்யா?"

"வேலையை நல்ல வட்டில் அளக்கட்டும், அரசே. ஓய்வை இது அளக்கட்டும்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெழுகைச் சுரண்டாமல் அப்படியே எடுத்துக் கொடுத்தார்.