நீர்நாய்க்குக் கட்ட வேண்டிய மணி

அந்த மணிச் சத்தம் மாதையன் காதில் இன்னும் இருக்கிறது. முதன்முதலில் அதைக் கேட்ட பிறகு எத்தனையோ ஆடிப்பெருக்கு வந்து போய்விட்டது. கரையோரமாகவே ஓடும் அந்தச் சத்தம். நாணலுக்குள் நுழைந்தால் மங்கும், பாறைமேல் ஏறினால் மறுபடி தெளியும். எருமைக் கழுத்தில் கட்டுகிற மணிதான். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு ஓடியது எருமை இல்லை. மாதையனுடைய பெண்டாட்டியின் தம்பி அங்கப்பன்.

காவிரி பாறைகளை விட்டு இறங்கி அகலமாகிற இடத்தில் இரண்டு ஊர்கள் இருந்தன. இக்கரையில் ஓலப்பாறை, அக்கரையில் சுண்டமேடு. நடுவில் எந்தக் கோடைக்கும் வற்றாத ஒரு மடு. இரண்டு ஊர்க்காரர்களும் நல்லவர்கள். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதற்கு மேல் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டார்கள்.

மாதையன் பரிசல் ஓட்டுகிறவன். விடியலில் துடுப்பால் பரிசல் விளிம்பைத் தட்டினால் மடுவின் அடியிலிருந்து ஒரு கெண்டை மேலே வரும். அவன் கை நீளம் இருக்கும், செதில் ஒவ்வொன்றும் கொழுந்து வெற்றிலை அகலம். அவன் உள்ளங்கையிலிருந்தே பொரி வாங்கித் தின்னும். பெரியாத்தா என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான். வீட்டில் சண்டை வந்தால் பெரியாத்தாளிடம்தான் போய்ச் சொல்லுவான். அவள் வாயைத் திறப்பாள், மூடுவாள், பதில் பேச மாட்டாள். அதனாலேயே அவள்மேல் அவனுக்கு உயிர்.

ஒரு வைகாசியில் மீன்வளத்துறை அம்மா ஒருவர் ஜீப்பில் வந்தார். இரண்டு ஊராரையும் மணல்திட்டில் உட்காரவைத்துப் பேசினார். ஆற்றில் மீன் அருகிவிட்டது, மடுவைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு நடக்கிறது என்றார். குத்தகைக்காரர் இழுக்கிற வலையில் பெரியதும் தப்பாது, பொடியும் தப்பாது என்று எல்லாருக்கும் தெரியும். மாதையனுக்குப் பெரியாத்தா ஞாபகம் வந்தது.

"நீங்களே ஒரு சங்கம் வெச்சு மடுவைக் காப்பாத்துங்க," என்றார் அந்த அம்மா. "ஐப்பசியில வந்து பாப்பேன். பெரிய மீனும் குஞ்சும் இருந்தா மடு உங்ககிட்டயே இருக்கும். இது முட்டை போடுற காலம், வலை விழக்கூடாது. தப்பித் தவறிப் பிடிச்சுட்டா பிடிச்ச இடத்துலயே விட்டுடணும். நீர்நாயை விரட்டாதீங்க, அதுவும் இந்த ஆத்துல பொறந்ததுதான். எதைச் செஞ்சாலும் ரெண்டு கரையும் கூடிச் செய்யுங்க."

ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் சங்கம் கூடியது. அக்கரைக்குத் தலைவர் ராக்கியண்ணன், மீசை பெரிதாக இருந்ததால். இக்கரைக்குத் தலைவன் மாதையன், பரிசல் அவனிடம் இருந்ததால்.

"மீனையும் காப்பாத்தணும், ஆத்துநாயையும் காப்பாத்தணும்னா எப்படிங்க?" என்று அங்கப்பன் ஆரம்பித்தான். "அது திங்கறதே மீனைத்தானுங்களே."

"தயிர்சோறு வெச்சா?" என்றார் ராக்கியண்ணன்.

"போன வருசம் வெச்சேனுங்க. மோந்து பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு. நானே தின்னுட்டேன்."

கடைசியில் மாதையன் சொன்னான்: "விரட்டத்தானே கூடாது. அது வருதுன்னு மீனுக்குத் தாக்கல் சொல்லலாமில்ல? ஒரு மணியைக் கட்டிவிட்டா, சத்தம் கேட்டு மீன் ஒதுங்கிக்கும்."

தீர்மானம் நிறைவேறியது. எருமை மணியோடு நாணலுக்குள் போன அங்கப்பன் விரலைச் சப்பிக்கொண்டு திரும்பி வந்தான். "கழுத்தைத் தொடறதுக்குள்ள வெடுக்குன்னு புடிச்சிருச்சு மாமா."

மறுபடி கூட்டம். ராக்கியண்ணன் மீசையை இரண்டு பக்கமும் தடவி முடித்துவிட்டுக் கேட்டார்: "ஆத்துநாய் போற எடமெல்லாம் சத்தம் போகோணும், அவ்வளவுதான? மணி அது கழுத்துலதான் தொங்கோணும்னு என்ன இருக்குது?"

எல்லாரும் அங்கப்பன் கழுத்தைப் பார்த்தார்கள். நல்ல நீளமான கழுத்து.

கூடிச் செய்ய வேண்டும் என்பதால் ஒரு முடிச்சை மாதையன் போட்டான், இன்னொன்றை ராக்கியண்ணன் போட்டார். அன்றிலிருந்து நீர்நாய்க் கூட்டம் போகிற இடமெல்லாம் அங்கப்பன் மணியடித்துக்கொண்டு ஓடினான். முதல் வாரம் அவை பயந்து ஓடின. அடுத்த வாரம் நின்று பார்த்தன. மூன்றாம் வாரம் அவன் களைத்துப்போய்ப் பாறையில் படுத்தபோது, அவன் எப்போது எழுந்திருப்பான் என்று சுற்றி உட்கார்ந்துகொண்டன. அதற்குப் பிறகு அவன் முன்னால் ஓடினான், அவை பின்னால் ஓடின.

ஆனி முடிகிற சமயம், சடையன் என்று ஒரு வெளியூர்க்காரன் பரிசலில் வந்து மடுவில் வலை வீசினான். கரையில் பரிசலைக் கவிழ்த்துத் தார் பூசிக்கொண்டிருந்த மாதையன் எழுந்து நின்றான்.

"அண்ணா, கொஞ்சம் பொறுங்க," என்று கூப்பிட்டான். "உங்களைப் பிடிக்கணும். ஆனா நான் தனியாப் பிடிக்கக் கூடாது. அக்கரைத் தலைவர் வரணும்."

"வரச்சொல்லு," என்றான் சடையன்.

"எம்பரிசல்ல தார் காயலீங்க."

சடையன் சிறிதுநேரம் அவனை உற்றுப் பார்த்தான். பிறகு என்ன தோன்றியதோ, தன் பரிசலிலேயே அவனை அக்கரைக்கு ஏற்றிப்போனான். அங்கே ராக்கியண்ணன் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம்தான் முடிந்திருந்தது. பாதி முகத்தோடு கடமைக்கு வர முடியாது என்றார். காத்திருந்த நேரத்தில் சடையனும் ஒரு சவரம் செய்துகொண்டான். மூன்று பேரும் ஒரே பரிசலில் திரும்பி மடுவுக்கு வந்தார்கள். தலைவர்கள் ஆளுக்கொரு கையாக அவனைப் பிடித்தார்கள்.

பிடித்த பிறகு என்ன செய்வது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

"பிடிச்ச இடத்துலயே விட்டுடணும்," என்றான் மாதையன்.

வலையை வாங்கிக்கொண்டு அவனை மடுவிலேயே விட்டார்கள். நீந்திக் கரைக்கு வந்தவனை ஊரே திரண்டு, "உங்களை விட்டது அங்கீங்களே, இங்க வந்து நிக்கறீங்களே," என்று மரியாதையாகக் கொண்டுபோய் மறுபடியும் விட்டது. மடுவின் நடுப்பாறையில் அவனுடைய பரிசலைக் கட்டி, துடுப்பை மட்டும் எடுத்து வந்தார்கள். வேளாவேளைக்குச் சோறு போயிற்று. ஒரு நாள் கொள்ளுப் பருப்பு, ஒரு நாள் கத்தரிக்காய்க் குழம்பு. சடையன் வீட்டில் இத்தனை ருசியாக யாரும் சமைத்ததில்லை. அவன் அப்புறம் நீந்தவில்லை.

ஆடியில் புதுவெள்ளம் வந்தது. செந்நீர் இக்கரையில் ஏறி, ஓலப்பாறைக்காரன் ராசப்பனின் வயலுக்குள் போயிற்று, முட்டையோடு இருந்த மீன்களும் அதோடு ஏறின. வெள்ளம் வடிகிறவரை சடையன் பரிசலில் சுற்றிக்கொண்டே சாப்பிட்டான்.

தண்ணீர் இறங்கிய மறுநாள் விடியலில் மாதையன் மடுவுக்குப் போய்த் துடுப்பைத் தட்டினான். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினான். பொரி தண்ணீரில் ஊறிப் பிரிந்து போயிற்று. கையில் துடுப்போடு கரையெல்லாம் தேடினான். ராசப்பன் வயலில், முழங்கால் ஆழக் குட்டையில், வயிறு சேற்றில் இழுபடப் பெரியாத்தா கிடந்தாள்.

துண்டை நனைத்து அவளைச் சுருட்டி, பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடினான். வெள்ளம் வடிந்ததைப் பார்க்க இக்கரைக்கு வந்திருந்த ராக்கியண்ணன் கைநீட்டித் தடுத்தார்.

"எங்க பிடிச்சே மாதையா?"

"ராசப்பன் வயல்லீங்க."

"அப்ப எங்க விடோணும்?"

மாதையன் ஆற்றைப் பார்த்தான். பத்தடி தள்ளித் தண்ணீர் பளபளத்தது. துண்டுக்குள் பெரியாத்தாளின் செவுள் மெல்லத் திறந்து மூடியது. அழுதுகொண்டே திரும்பி வயலுக்கு ஓடினான்.

"யோவ், கூறுகெட்டவனுங்களா," என்று நடுப்பாறையிலிருந்து சடையன் கத்தினான். "மீனை ஆத்துல விடுங்கடா."

"திருடன் பேச்சைக் கேட்டா சங்கம் வெளங்குமா?" என்றார் ராக்கியண்ணன்.

வெயில் ஏற ஏறக் குட்டை சுண்டியது. ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றுவதென்று முடிவாயிற்று. கூடிச் செய்ய வேண்டுமே, அதனால் ஒவ்வொரு குடத்தையும் ஓலப்பாறைக்காரர் ஒருவரும் சுண்டமேட்டுக்காரர் ஒருவரும் சேர்ந்து பிடித்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. வயல் சேருவதற்குள் குடத்தில் பாதி வழியிலேயே சிந்திப் போனது. வயலுக்குப் போகிற பாதை முழுக்கச் சேறாயிற்று. குட்டையில் மட்டும் தண்ணீர் ஏறவில்லை. அக்கரை ஆட்களை ஏற்றிவர மாதையன் பரிசலைத் தள்ளித் தள்ளி, உள்ளங்கைத் தோல் உரிந்தது. நடுநடுவே ஓடிவந்து அவள் வாயருகில் குனிந்து, "கொஞ்சம் பொறுத்துக்க ஆத்தா, அக்கரை ஆளுக வந்துட்டு இருக்கறாங்க," என்றான். அவள் வாய் திறக்கிறதும் மூடுகிறதும் இப்போது நேரம் பிடித்தது.

பொழுது சாயும்போது ராக்கியண்ணன் குடத்தைக் கீழே போட்டு உட்கார்ந்தார்.

"ஆத்துத் தண்ணிய நாம எதுக்குச் சொமக்கோணும்? கால் இருக்கறது நமக்கா, ஆத்துக்கா? அது ஓடத்தானே செய்யுது. இங்க வந்து ஓடட்டும்."

இப்படியும் ஒரு புத்தி மனிதனுக்கு வருமா என்று எல்லாரும் அசந்துபோனார்கள். ஆற்றிலிருந்து வயலுக்கு வாய்க்கால் வெட்ட இரண்டு ஊர் மண்வெட்டியும் இறங்கியது. மாதையன் கையில் ரத்தம் கசியக் கசிய வெட்டினான். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கடைசி மண்ணைத் தள்ளினான். காவிரி ஒரு விரல் கனத்துக்கு எட்டிப் பார்த்தது, பிறகு கை கனம், பிறகு மடமடவென்று வயலுக்குள் வந்தது.

பெரியாத்தா அசைந்தாள். தண்ணீர் வந்த திக்கில் தலையைத் திருப்பினாள். வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். அவ்வளவுதான். வாய்க்கால் வழியே போய், ஆற்றில் இருந்தாள்.

மண்வெட்டியோடு எல்லாரும் திகைத்து நின்றார்கள்.

"விட்ட இடத்துல இல்லாமப் போயிட்டாளே," என்றார் ராக்கியண்ணன், இழவு வீட்டுக் குரலில்.

மாதையனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாள் விடியலில் மடுவில் துடுப்பைத் தட்டினான். வந்தாள். பொரி தின்றாள். "அந்தம்மா வர்றதுக்குள்ள வயலுக்குப் போயிரு ஆத்தா," என்று தினமும் கெஞ்சினான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் மனம் மாறி வந்தாலும் வரலாம் என்று வாய்க்காலைத் தூர்க்காமல் விட்டார்கள், குடத்தால் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தவில்லை.

ஐப்பசியில் அந்த அம்மா வந்தார். மாதையன் கைகட்டி நின்றான். அவர் வாய்க்காலில் குனிந்து பார்த்தார், வயலில் குனிந்து பார்த்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் குஞ்சுகள், எள்ளைக் கொட்டினாற்போல.

"குஞ்சு ஒதுங்க இப்படி எடம் வேணும்னு யார் சொன்னது உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை என்பதால் யாரும் பதில் சொல்லவில்லை. பரிசலில் மடுவுக்கு அழைத்துப் போய் மாதையன் துடுப்பைத் தட்டினான். பெரியாத்தா ஏறி வந்தாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. நிமிர்ந்தபோதுதான் பாறையைக் கவனித்தார்.

"அங்க சாப்பிட்டுட்டு இருக்கறது யாரு?"

"திருடருங்க. பிடிச்ச இடத்துலயே விட்டிருக்கோம்."

கரையில் மணி கேட்டது. அங்கப்பன் ஓடினான், பின்னால் நீர்நாய்கள் வரிசையாக ஓடின. அந்த அம்மா வாயைத் திறந்தார், மூடினார். அச்சு அசல் பெரியாத்தா மாதிரியே இருந்தது மாதையனுக்கு.

"நீங்க என்ன செய்யறீங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியலை," என்றார் கடைசியில். "ஆனா மீன் இருக்கு. மடு உங்களுக்குத்தான். நடக்கறது நடக்கற மாதிரியே நடக்கட்டும். எதையும் மாத்திடாதீங்க."

எதையும் மாற்றவில்லை. வெள்ளமே வயலில் நின்றாலும் ராசப்பன் வயலுக்கு இன்றைக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் சேர்ந்து குடத்தில் தண்ணீர் சுமக்கிறார்கள். சடையன் பாறையில்தான் இருக்கிறான், உடம்பு போட்டுவிட்டது. புளி கொஞ்சம் தூக்கல் என்று போன வாரம்கூடச் சொல்லி அனுப்பினான்.

அங்கப்பனுக்கு அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. பெண் சுண்டமேடு. மணியோடுதான் தாலி கட்டினான். மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் நீர்நாய்களுக்கும் இலை போட்டார்கள். பருப்பும் பாயசமும்தான் பரிமாறினார்கள் என்பதால் அவை கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டன. சமாதானம் பேச மாப்பிள்ளையும் மணியடித்துக்கொண்டு பின்னாலேயே போனான்.