நானூறு மில்லிமீட்டர்

எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கடைக்காரரைக் கேட்டால் இருப்பதிலேயே விலை கூடியதைச் சொல்வார். கூட்டாளிகளைக் கேட்டால் ஆளுக்கொன்றைச் சொல்லித் தலையைச் சுற்றவைப்பார்கள். சங்கரபாண்டி எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் ரெஜினாவிடம் வந்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் ரெஜினா கேமரா வகுப்பு நடத்திவந்தாள். வயது முப்பத்திரண்டு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சங்கரபாண்டிக்கு அறுபத்தொன்று. மாணவர்களில் அவர்தான் மூத்தவர். ஒருநாள்கூடத் தாமதமாக வராதவரும் அவர்தான்.

"நானூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒண்ணு வாங்கணும் டீச்சர். எந்தக் கம்பெனி நல்லது?"

"பறவை எடுக்கப் போறீங்களா சார்?"

"இல்ல. கோமதியத்தான்."

கோமதி அவர் மனைவி. வயிற்றில் புற்றுநோய். தை மாதமே ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில், கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். வகுப்பில் எந்தப் பாடம் கொடுத்தாலும் சங்கரபாண்டி எடுத்துக்கொண்டு வந்தது அந்த ஒரு முகத்தைத்தான்.

"படத்தையெல்லாம் காட்டுங்க," என்றாள் ரெஜினா.

கேமராவை நீட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் எண்ணில் இருந்தது என்பதைக் கேமரா தானாகவே குறித்துக்கொள்ளும். எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும். ரெஜினா நான்கு படங்களைப் பார்த்து ஒரு தாளில் எழுதினாள். தை மாதம் 24. பங்குனியில் 55. ஆடியில் 135. போன வாரம் 250.

"நாலுலயும் முகம் ஒரே அளவுதான் இருக்கு. இந்த முதல் படம் எங்க இருந்து எடுத்தது?"

"கட்டில்ல, அவ பக்கத்துல உக்காந்து."

"ரெண்டாவது?"

"ரூம் வாசல்ல நின்னு."

"ஆடி மாசம்?"

"ஹால்ல."

"போன வாரம்?"



"வெளிய, காம்பவுண்டுச் சுவர்ல சாஞ்சு நின்னு. ஜன்னல் வழியா."

ரெஜினா தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடமிருந்து அடியடியாகப் பின்வாங்கியதை ஒரு துண்டுத் தாள் இப்படிப் போட்டு உடைக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

"பயமா இருக்கு டீச்சர். அந்த மூஞ்சியக் கிட்டத்துல வச்சுப் பாக்க முடியல. மச்சினிதான் கூட இருந்து பாத்துக்கிடுதா."

"இந்த இருநூத்தம்பதே போதுமே சார். இன்னும் பின்னாடி போகணுமா?"

"இல்ல, அதே சுவர்தான். இதுல உதடு சரியாத் தெரிய மாட்டேங்கு."

"உதடு எதுக்கு?"

சங்கரபாண்டி தாளையே பார்த்துக்கொண்டு பேசினார். "பத்து நாளாக் குரல் எழும்பல. ஆனா நான் சுவர்ப் பக்கம் வந்து நின்னா, ஜன்னல் வழியா என்னப் பாத்து உதட்ட அசைக்கா. மச்சினி என்னன்னு கேட்டா வாய மூடிக்கிடுதா. எனக்குத்தான் என்னமோ சொல்லுதா டீச்சர். நானூறுன்னா உதடு மட்டும் பெருசா விழும்லா? வரிசையா எடுத்து வச்சுப் பாத்தா, என்ன சொல்லுதான்னு கண்டுபிடிச்சிருவேன். டாக்டர் இன்னும் ஒரு வாரம்தான்னு சொல்லிட்டாரு."

மாடிக்குக் கீழே யாரோ மருந்துக்கடைக்காரரிடம் காய்ச்சல் மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரெஜினா லென்ஸுக்கு மூடியைப் போட்டாள். கேமராவை அவரிடம் திருப்பிக் கொடுக்காமல் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

"இது இங்கயே இருக்கட்டும் சார். வீட்டுக்குப் போயி, அவங்க வாய்கிட்ட காதக் கொண்டு போங்க."