கடைசி ஆள்

ஞானசிகாமணி தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் சைக்கிளைக் கலுங்கின் கட்டைச்சுவரில் சாய்த்துவைத்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

கடற்கரையில் கிளம்பி மலையில் முடிகிற பாதை அது. மணலில் சக்கரம் புதையாமல் இருக்க, கிளம்பும்போது சைக்கிள் குழுவினர் பாதிக் காற்றை இறக்கிவிடுவார்கள். வயல்களைத் தாண்டி, ரப்பர் தோட்டத்துக் கல்பாதை தொடங்கும் இடத்தில், வாய்க்காலுக்குக் குறுக்கே சின்னப் பாலமாக அந்தக் கலுங்கு. அங்கே இறங்கி, விட்ட காற்றைத் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"நீங்க போங்க. பக்கத்துல நின்னா எனக்குக் கை ஓடாது."

"மேகம் இறங்குது."

"ஸ்கூல்ல நானாக்கும் விசில் ஊதுறவ. இங்கன நீங்க ஊதாதீங்க."

ரோஸ்லின் உடற்கல்வி ஆசிரியை. அவருக்குச் சைக்கிள் ஆசையைத் தொற்றவைத்தவளே அவள்தான்.

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அந்தக் குழுவில் இரண்டே விதிகள். பாதை பிரியும் இடத்தில், அடுத்து வருகிறவரின் முகம் தெரியும்வரை நிற்க வேண்டும். கடைசி ஆள், தன் முதுகுக்குப் பின்னால் யாரையும் விடக்கூடாது.

கலுங்குக்கு மேலே முதல் பிரிவில் சிகாமணி நிற்கவில்லை. மழைக்கு முன் மேலே ஏறிவிட நினைத்தார். அவள் இரண்டு முறை வந்த பாதை. வழி தெரியும் என்று நினைத்தார். இடப்பக்கம் ஏறினார்.

அவள் வலப்பக்கம் திரும்பினாள். அந்தப் பாதை ஓர் ஓடைக்கு இறங்குகிறது. மழையில் பாறை வழுக்கும்.

ஓடையில் விழுந்து கிடந்தவளைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. ரப்பர் தோட்டத்து வேலையாட்கள்தான் கண்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவர், "ஒரு மணி நேரம் முன்னால கொண்டு வந்திருந்தா" என்று தொடங்கி, சிகாமணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

*

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவர் செலினின் சைக்கிள் பட்டறைக்குப் போனார்.

செலின் முட்டத்தில் ஒரு மீனவர் வீட்டுப் பெண். முப்பத்தெட்டு வயது. அவரைவிட இருபது வயது இளையவள். மணலிலும் கல்லிலும் சைக்கிள் ஓட்ட அந்தப் பக்கத்தில் பலருக்குக் கற்றுக்கொடுத்தவள். கடலிலிருந்து மலைக்குப் போகும் வழிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தவளும் அவள்தான். பெண்ணென்றாலும் எல்லாரும் ஆசான் என்றே கூப்பிட்டார்கள்.

"ஆசான், நான் அங்கன நின்னிருந்தா அவ இருந்திருப்பாளா?"

செலின் ஒரு சக்கரத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல கோட்டம் இருக்கு. எடுங்க அண்ணாச்சி."

எடுத்தார். வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு அதே கேள்வி.

"இந்தச் செயினை மண்ணெண்ணெயில கழுவுங்க."

கழுவினார்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் இரண்டு டீ வாங்கிவந்து நடுவில் வைத்தாள். ஆறி ஆடை படியும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதங்கள் போயின. கேள்வி மாறவில்லை. பதில் வரவில்லை.

"அண்ணாச்சி," என்றான் அல்போன்ஸ் ஒருநாள். கூட்டத்திலேயே பெரிய உடம்பும் பெரிய வாயும் அவனுக்குத்தான். "இனி நீங்க கோட்டம் எடுக்காத சக்கரம் கோயில் தேர்லதான் இருக்கு."

"உன்னைய ஏத்திகிட்டு ஓடுற சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து முடியுமாடே?" என்றார் சிகாமணி.

எல்லாரும் சிரித்தார்கள். செலின் சிரிக்கவில்லை.

*

நாற்பத்திரண்டாவது ஞாயிறு, அவர் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பட்டறை வாசலில் நிறுத்தினார்.

"இதை யாருக்காவது குடுத்துருங்க ஆசான்."

"ஏன்?"

"இனி இது வேண்டாம். இங்கன வாறதும் வேண்டாம்."

"கேள்வி?"

"பத்து மாசமாக் கேட்டாச்சு. பதில் இல்லாதவங்ககிட்ட கேட்டு என்ன பிரயோசனம்?"

செலின் கையைத் துணியில் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள்.

"அடுத்த ஞாயிறு மலைப்பாதை போறோம்," என்றாள்.

பட்டறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பத்து மாதமாக அவள் அவர்களைக் கடலோரப் பாதைகளில் மட்டுமே கூட்டிப்போயிருந்தாள்.

"சேசுவே, தப்பிச்சோம்," என்றான் அல்போன்ஸ். "மணல்ல ஓட்டி ஓட்டி எனக்கு மூக்குல உப்பு பூத்துட்டு."

அவள் சிகாமணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அந்தப் பிரிவுல நில்லுங்க அண்ணாச்சி. எல்லாரும் தாண்டுறது வரைக்கும். பிறகு சைக்கிளைத் தாங்க, வாங்கிக்கிடுதேன்."

"என்னால முடியாது."

"நிக்கத்தானே சொல்லுதேன்."

"நீங்க எங்கன இருப்பிய?"

"எப்பவும் போல. கடைசி ஆள்."

*

சிகாமணி பிரிவில் நின்றார்.

வலப்பக்கம் பார்க்காமல் நின்றார். பார்க்காமல் இருப்பதும் ஒரு வேலையாக இருந்தது.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு முகமும் வளைவில் தெரிந்து, நெருங்கி, அவரைத் தாண்டி இடப்பக்கம் ஏறியது. ஒருவர் தலையை அசைத்தார். ஒருவர் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஏழாவது முகம் அல்போன்ஸ்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. எனக்குப் பெண்ணு பாக்கப் போன வீட்டுல கூட இவ்வளவு நேரம் இந்த மொகத்தைப் பாக்கல்ல."

"ஆசான் எங்கன?"

"கலுங்குல காத்தடிக்கா. முன்னால போகச் சொன்னா."

அவனும் ஏறிப் போனான். அவன் மூச்சுவாங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பத்து நிமிஷம் ஆயிற்று.

கால் மணி நேரம் ஆயிற்று. ரப்பர் மரங்களில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று வந்து, சருகுகளைக் கல்பாதையில் தள்ளிவிட்டுப் போனது.

அரை மணி ஆயிற்று. வளைவில் யாரும் தெரியவில்லை.

ஆசானுக்கு வழி தெரியும் என்று நினைத்தார்.

இதே இடத்தில் இதே நினைப்பு ஒருமுறை அவருக்கு வந்திருந்தது.

சைக்கிளைத் திருப்பினார். வந்த வழியே கீழே இறங்கினார்.

*

செலின் கலுங்கில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் புல்லில் கிடந்தது.

"அடி பட்டுட்டா?"

"இல்ல."

"வண்டியில ஏதாவது?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு."

அவர் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். கல்லாக இருந்தது. காற்று நிறைந்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும்.

"பிறகென்ன ஆசான்?"

அவள் மேலே மரங்களைப் பார்த்தாள்.

"இதுக்கு மேல கால் வரமாட்டேங்கு அண்ணாச்சி. இந்தப் பத்து மாசத்துல எட்டு தடவை தனியா வந்தேன். எட்டு தடவையும் இங்கனயே திரும்பிப் போனேன்."

அவர் தன் சைக்கிளைக் கட்டைச்சுவரில் சாய்த்தார்.

"அன்னைக்கு அல்போன்சுக்கு மணல்ல செயின் அறுந்துது. நான் நின்னு மாட்டிக் குடுத்தேன். மாட்டி முடிச்சு இங்கன வந்தப்போ டீச்சர் இல்ல. வேகமாப் போயிருந்தா எட்டிப் பிடிச்சிருக்கலாம். டீச்சருக்கு வழி தெரியும்னு பைய வந்தேன். அல்போன்ஸ்கூடப் பேசிச் சிரிச்சுகிட்டு வந்தேன்."

அவள் மரங்களிலிருந்து பார்வையை இறக்கி அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கடைசி ஆள் யாரு?"

அது அவருக்குத் தெரியும். குழுவில் எல்லாருக்கும் தெரியும். நாற்பத்திரண்டு ஞாயிறு அவள் எதிரில் உட்கார்ந்திருந்தும், ஒருமுறைகூட அதை அவர் நினைத்ததில்லை.

"நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லட்டா?"

"வேண்டாம் ஆசான்."

"கேட்டுக்கிடுங்க. நீங்க நின்னிருந்தா டீச்சர் இருந்திருப்பாங்க. நான் பின்னாலயே விடாம வந்திருந்தாலும் இருந்திருப்பாங்க."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கலுங்கின் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதிகம் இல்லை. கேட்கும் அளவுக்கு இருந்தது.

"ராத்திரி ஒறக்கம் உண்டா?" என்று கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கேன். ஒறக்கம் வருதா?"

"இல்ல."

"சாப்பாடு?"

"ஏதோ."

"யாரும் கேக்கல்லியா?"

"ஆசான்கிட்ட யாரு கேப்பா?"

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் எழுந்து போகவில்லை. தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு இருந்தார்.

கடைசியில் அவள் அதை வாங்கிக் குடித்தாள். மீதியில் முகம் கழுவினாள்.

சிகாமணி எழுந்தார். புல்லில் கிடந்த அவள் சைக்கிளை நிமிர்த்தினார். கைப்பிடியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"ஏறுங்க."

"என்னால முடியாது அண்ணாச்சி."

"ஏற வேண்டாம். உருட்டுங்க. நடப்போம்."

"நீங்க முன்னால போங்க. நான் வாறேன்."

"இல்ல ஆசான். நீங்க முன்னால போங்க. இன்னைக்குக் கடைசி ஆள் நான்."

அவள் உருட்டினாள். பத்தடி நடந்து நின்றாள். அவரும் நின்றார். மறுபடி நடந்தாள். கல்பாதையில் இரண்டு சைக்கிளும் மாறி மாறிச் சத்தம் போட்டன.

பிரிவில் அவள் பின்னால் திரும்பினாள். அவர் வளைவைத் தாண்டி வரும்வரை அசையாமல் நின்றாள். முகத்தைப் பார்த்தாள்.

பிறகு சைக்கிளில் ஏறி, இடப்பக்கம் மிதித்தாள்.

அங்கிருந்து உச்சிக்கு ஆறு கிலோமீட்டர். முழுக்க ஏற்றம்.