குங்குமம் வைத்த கிராபிக்ஸ் கார்டு

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தால் துடைப்பத்தை எடுத்துவிடுவார். அன்று காலை, பெருக்கிய முற்றத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தார்.

நல்லம்மை வந்து நின்றார். பவானி ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. வயது நாற்பதைத் தொடவில்லை. சீடர் சென்னியப்பனோ அறுபதை நெருங்குகிறவர். லாரித் தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, மந்திர உபதேசம் வேண்டும் என்று வந்து ஐந்து வருடமாகிவிட்டது. குரு சீடரை அண்ணா என்பார். சீடர் குருவை அம்மா என்பார்.

"தரை என்ன பண்ணுச்சுங்கண்ணா?"

"நான் என்ன பண்ணுனேன்? அதைச் சொல்லுங்க மொதல்ல. போன சித்திரையில வந்த புள்ளைக்கு மந்திரம் குடுத்துட்டீங்க. எனக்கு எப்பத்தாம்மா?"

நல்லம்மை அலுவல் அறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"நம்ம கம்ப்யூட்டர் திக்குது. அதுக்குப் பொருந்தற மாதிரி ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிட்டு வந்து மாட்டுங்க. படம் ஒழுங்கா ஓடட்டும். அப்புறம் இதைப் பேசலாம்."

திக்குகிறது என்று அவர் சொன்னது சரிதான். யாரோ ஒரு மில்காரர் தனக்கு ஆகாது என்று மடத்துக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. வெள்ளிக்கிழமைப் பேச்சைப் படம் பிடித்து, அதில்தான் வெட்டி ஒட்டி, மடத்துக்கு வர முடியாதவர்களுக்கு அனுப்புவார்கள். கொஞ்ச நாளாக அதில் அம்மையின் வாய் முதலில் அசையும், சொல் பின்னால் மெதுவாக வந்து சேரும். அந்த மேசைக்குப் பொறுப்பாளர் சென்னியப்பன்.

இவ்வளவுதானா என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு கார்டு, நான்கு திருகாணி, அப்புறம் மந்திரம். அடுத்த பஸ்ஸிலேயே ஈரோடு போய் இறங்கினார்.

கடைக்காரர் தனபால் பொறுமைசாலி. "மதர்போர்டு என்ன மாடலுங்க சாமி?"

"பழசு."

"உள்ள கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்?"

"கரண்டு வருது. விசிறி சுத்துது."

"கேபினட்டுக்குள்ள எவ்வளவு நீளம் இடம் இருக்கு? திறந்து பாத்துட்டு வந்தீங்களா?"

"தினம் அது முன்னாடிதான் உக்கார்றேன். அதை எனக்குத் தெரியாதா?"

தனபால் உள்ளங்கை அகலத்தில் ஒரு கார்டை எடுத்து வைத்தார். "பழைய மிஷினுங்கறீங்க. எதுக்கும் இதைக் கொண்டுபோயி மாட்டிப் பாருங்க. தனியா கரண்டு கேக்காது, எந்தப் பெட்டியிலயும் உக்காந்துக்கும்."

சென்னியப்பன் அதைத் தொடக்கூட இல்லை. "மடத்துக்குங்க! தீப்பெட்டியாட்டம் ஒண்ணைக் குடுக்கறீங்க? இருக்கறதுலயே பெரிசை எடுங்க."

கடைக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேல் அலமாரியிலிருந்து செங்கல் கனத்தில் ஒன்றை இறக்கினார். அதில் மூன்று விசிறிகள். சென்னியப்பன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும், அரிசி மூட்டையோ அம்மிக்கல்லோ, விளக்குக்கு முன் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டபிறகுதான் புழக்கத்துக்குப் போகும். சென்னியப்பன் கார்டை அட்டைப் பெட்டியிலிருந்து உரித்தெடுத்தார். மூன்று விசிறிக்கும் நடுவில் சந்தனம் வைத்தார், அதன்மேல் குங்குமம். அப்படியும் மனம் ஆறவில்லை. மதர்போர்டில் செருகுகிற ஓரத்தில் தங்கம்போல மின்னிய பல்வரிசையைப் பார்த்தார். அதற்கும் பூசினார்.

நல்லம்மை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மாட்டிப் பாத்துட்டீங்களா அண்ணா?"

"பூசை போடாம எப்படிம்மா மாட்டறது? கடைக்காரன் திறந்து பாத்தீங்களாங்கறான். தினம் பாக்கற பெட்டி, எனக்குத் தெரியாதாங்கறேன்."

நல்லம்மை கற்பூரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். வெளித் தகட்டில் வருடாவருடம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அடையடையாக ஏறியிருந்தது. உள்ளே ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. ஒரு மூலையில் காய்ந்த பல்லி முட்டை கிடந்தது.

கார்டு நுழையவில்லை. ஹார்டு டிஸ்க் வைக்கிற இரும்புக் கூடு குறுக்கே நின்றது. சென்னியப்பன் அழுத்தினார், சாய்த்தார், தலைகீழாகப் பிடித்தார். வியர்த்துக் கொட்டியது.

"அந்தக் கூடுதாம்மா இடைஞ்சல். ரம்பம் எங்க?"

நல்லம்மை போய் இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்து வந்து கொடுத்தார். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது என்று பேச்சுக்குச் சொல்வோம். சென்னியப்பன் அதைச் செய்தே காட்டினார். கூடு இரண்டாகப் போனது. ஹார்டு டிஸ்க் நிற்க இடமில்லாமல் ஒயரில் தொங்கியது.

கார்டு உட்கார்ந்தது. ஆனால் அது கேட்ட மின்சாரத்தைக் கொடுக்கப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் ஒயரே இல்லை.

"இதுவும் சரியில்லையா?" என்று அதைக் கையால் அடித்தார். அது என்ன செய்யும் பாவம்.

மறுநாள் கார்டோடு ஈரோட்டுக்குப் போனார். மாற்றிக் கேட்கலாம் என்று ஒரு நப்பாசை. தனபால் கார்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல வெச்சிருந்தாத் துடைச்சுக்கலாமுங்க. பல்லுலயே பூசிட்டீங்களே சாமி. நான் இதை யாருக்கு விக்கறது?"

அவரே ஏதோ மருந்து போட்டுப் பல்லைத் துடைத்துக் கொடுத்தார். திருப்பி எடுக்க மாட்டேன் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் சென்னியப்பன் புது எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கிச் சுமந்து வந்தார்.

அதை மாட்டினால், மானிட்டரின் நீல முனை ஒயருக்குப் புதுக் கார்டில் துளையே இல்லை. அதற்கு ஒரு இணைப்பான் வேண்டும் என்று மறுபடி பஸ். ஈரோடு பஸ் கண்டக்டருக்கு அவர் முகம் பழகிப்போனது.

கடைசியில் எல்லாம் மாட்டியாயிற்று. பொத்தானை அழுத்தினார். மூன்று விசிறியும் சந்தனத்தோடு சுற்றின. திரை இருட்டாகவே இருந்தது. பெட்டி மட்டும் குழந்தை சிணுங்குவதுபோலக் கீ, கீ என்று கத்தியது.

தனபாலுக்குப் போன் போட்டார். "அந்த போர்டுக்கு இப்படி ஒரு கார்டு இருக்கறதே தெரியாதுங்க சாமி. ஏத்துக்காது. மாடல் என்னன்னு அன்னிக்கே கேட்டேனே" என்றார் அவர்.

சென்னியப்பன் போனை மேசைமேல் போட்டார்.

"மதர்போர்டையும் மாத்திறலாம்மா. அதை மாத்துனா புராசசர் மாத்தணும், ராம் மாத்தணும். மாத்துவோம்!"

"அப்ப பழசுல எது மிஞ்சும் அண்ணா?"

"பெட்டி மிஞ்சும்."

"அதைத்தான் அறுத்துப் போட்டீங்களே."

சென்னியப்பன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவிழ்த்த திருகாணிகள் சுற்றிலும் கிடந்தன. வெள்ளிக்கிழமைப் பேச்சு போன வாரமும் போகவில்லை, இந்த வாரமும் போகப்போவதில்லை. படுக்கையில் கிடந்து கேட்கிறவர்கள்கூட, ஏன் வரவில்லை என்று ஆள் விட்டு விசாரித்திருந்தார்கள். திக்கினாலும் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தியாயிற்று. மந்திரமும் கிடைக்கப்போவதில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"புரிஞ்சு போச்சும்மா" என்றார்.

"என்ன புரிஞ்சுது?"

"நான்தான் அந்தப் பழைய பெட்டி. மந்திரம் பெரிசு. குடுத்தா எனக்குத் தாங்காது. அதைக் காட்டத்தானே என்னை இந்த அலை அலைய விட்டீங்க? பெட்டி சரியில்லைன்னு நேராவே சொல்லியிருக்கலாமே."

நல்லம்மைக்கு அப்போதுதான் முதல்முறையாகக் கோபம் வந்தது. "சரியில்லைன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"நீங்க எதுக்குச் சொல்லோணும்? அஞ்சு வருஷமா இங்க கெடக்கறேன். என்னை எனக்குத் தெரியாதா?"

நல்லம்மை குனிந்து, மேசைக்கடியில் கிடந்த பக்கத் தகட்டை எடுத்தார். அடையடையாகச் சந்தனம் ஏறியிருந்த பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதை அவர் மடியில் வைத்தார்.

"உங்க பெட்டியையும் திறந்து பாக்காமயே சொல்றீங்களே அண்ணா."

துடைப்பம் கதவு மூலையில்தான் இருந்தது. சென்னியப்பன் அதை எடுக்கப் போகவில்லை.