வாசலில் நின்ற கணக்குப் புத்தகம்

கணக்கு வகுப்பில் பிள்ளைகள் அதிகம் கேட்கும் கேள்வி எது, சொல்லுங்கள் பார்ப்போம்? "சார், இது பரீட்சைக்கு வருமா?" அதேதான். ஏழாம் வகுப்புப் பூவிழிக்கு மட்டும் வாயைத் திறந்தால் 'ஏன்' வரும். கணக்கு வாத்தியார் தண்டபாணிக்கோ 'ஏன்' என்றாலே ஆகாது.

"அசட்டுக் கேள்வி கேட்டு இன்னொரு தடவை வெளியே நின்னேன்னா, கோகோ டீம்ல உன் பேரு இருக்காது" என்று சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம்தான் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள்.

பின்ன வகுத்தல் பாடம் நடந்தது. பூவிழி எழுந்தாள். "சார், வகுக்கும்போது பின்னத்தை ஏன் தலைகீழாத் திருப்புறோம்?"

வாத்தியார் காதைச் சொறிந்தார். "மூளை இருக்கறவங்க கேக்கிற கேள்வியா இது? கேட்டவங்க வெளியே போகலாம்."

"சரிங்க சார்" என்றவள், கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய் வாசற்படிக்கு வெளியே நிமிர்த்தி வைத்துவிட்டு, தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன பண்ற நீ?"

"நான் வாசிச்சதோட சரி சார். பாடத்துக் கடைசியில 'சிந்திக்க'ன்னு கட்டம் கட்டி, அந்தப் புத்தகம்தான் இதைக் கேட்டிருக்கு."

வகுப்பே குலுங்கியது. வாத்தியாருக்கும் மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கும் இதை யாரும் சொல்லித் தரல" என்றார் மெதுவாக. "சாயங்காலம் நீ ஆடப் போ. இப்போ வெயில் ஏறுது, அதை உள்ள கூட்டிட்டு வா தாயி. எல்லாருமாச் சேர்ந்து யோசிப்போம்."